சேசிஸ் அவர்களுடையது, பாடி நம்முடையது

(பெரம்பலூரில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருக்கும் பொருள் ஒரு மாணவன் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை நேரம். அரியலூர் மாவட்டத்துக் கிராமத்துப் பையன், பாலிடெக்னிக்கில் படிப்பவன், பழைய மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்தான். கணினியைத் திறந்தான். திரையில் ஒரு சின்ன விமானம் திருச்சி ஓடுதளத்திலிருந்து எழும்பியது. காவிரியைத் தாண்டியது, கொள்ளிடத்தைத் தாண்டியது, கிழக்கே திரும்பியது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல கங்கைகொண்டசோழபுரம் வரணுங்க ஐயா" என்றான்.

நானும் குனிந்து பார்த்தேன். பச்சை நிலம் வந்தது. மீண்டும் பச்சை நிலம் வந்தது. கோயில் வரவில்லை.

"கோயிலே இல்லைங்க ஐயா. நானே செஞ்சு இதுக்குள்ள வைக்கலாமா? வெளியாள் செஞ்சதை இந்த கேம் ஏத்துக்குமா?"

அந்தப் பிள்ளையின் கேள்விதான் இன்றைய தலைப்பு. விமானம் ஓட்டிப் பார்க்கும் ஒரு கணினி விளையாட்டு, அதைச் செய்த நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெளியார் உருவாக்கும் சேர்மானங்களை, இளைஞர்கள் ஆட்-ஆன் என்று சொல்கிறார்களே அவற்றை, ஏற்குமா? ஏற்றால் என்ன நன்மை? ஏற்க மறுத்தால் என்ன ஆகும்? பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இதில் என்ன வேலை? இந்த நான்கையும் இன்று பேசிவிடுவோம்.

முதலில் கணினியை மூடி வைத்துவிட்டு நெடுஞ்சாலைக்குப் போவோம்.

சென்னை–திருச்சி சாலையில் நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஒரு புது லாரி வரும். ஆனால் அது முழு லாரியாக இருக்காது. எஞ்சின் இருக்கும், சக்கரம் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும், பின்னால் இரண்டு நீளச் சட்டம் இருக்கும். கூரை இருக்காது, கதவு இருக்காது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காற்றையும் வெயிலையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஒருவர் ஓட்டிப் போவார். அதற்குப் பெயர் என்ன? சேசிஸ். அது எங்கே போகிறது? பாடி கட்டும் பட்டறைக்குப் போகிறது. லாரி பாடி என்றால் நாமக்கல்லும் திருச்செங்கோடும். பஸ் பாடி என்றால் கரூர்.

ஓசூரில் தயாரான அதே சேசிஸ் ஒரு பட்டறையில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஆகிறது. இன்னொரு பட்டறையில் தண்ணீர் லாரி ஆகிறது. திருச்செங்கோட்டில் அதன் முதுகில் ரிக் ஏறி போர்வெல் வண்டி ஆகிறது. சேசிஸ் செய்த கம்பெனி இதையெல்லாம் தன் கையால் செய்ய முடியுமா? முடியாது. செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி ஒரு காரியம் செய்கிறது. எந்த இடத்தில் பாடி உட்கார வேண்டும், எத்தனை டன் தாங்கும், எந்தச் சட்டத்தில் துளை போடக் கூடாது, எங்கே வெல்டு வைக்கக் கூடாது என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. அந்த வரைபடம் கையில் இருந்தால் பட்டறைக்காரர் யூ-போல்ட்டைப் போட்டு இறுக்கிவிடுவார்.

விமான சிமுலேட்டரும் அப்படித்தான், நண்பர்களே! காற்று இறக்கையை எப்படித் தூக்கும், மேகம் எப்படி நகரும், பூமி உருண்டை திரையில் எப்படி விரியும் என்ற அடிப்படை வேலை சேசிஸ். அதன் மேல் ஏறும் விமானங்கள், விமான நிலையங்கள், கோபுரங்கள், பாலங்கள் எல்லாம் பாடி. பாடி கட்டுவதற்கான வரைபடத்துக்குக் கணினிக்காரர்கள் எஸ்.டி.கே. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு விளையாட்டு ஆட்-ஆனை ஏற்குமா என்ற கேள்விக்கு விடை எங்கே இருக்கிறது? அந்த நிறுவனம் வரைபடத்தை வெளியே கொடுத்திருக்கிறதா, பாடியை ஏற்ற இடம் விட்டிருக்கிறதா என்பதில் இருக்கிறது.

சரி, உள்ளே எப்படி வேலை நடக்கிறது? இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எளிய வேலை வண்ணம் அடிப்பது. விமானத்தின் உடம்பில் ஒட்டியிருக்கும் படக்கோப்பை எடுத்து, வேறு நிறம் பூசி, அதே இடத்தில் வைப்பது. நம் லாரிகளின் பின்பலகையில் மயிலும் தாமரையும் வரைகிறார்களே, அதே கலைதான். அடுத்தது காட்சி: ஊர், கட்டடம், ஓடுதளம். அதற்கும் அடுத்தது புது விமானம்: எடை, இறக்கை, எஞ்சின், கருவிப் பலகை என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது நிரல். சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் "இப்போது உயரம் எவ்வளவு, வேகம் எவ்வளவு" என்று கேட்டு வாங்கி, "சக்கரத்தை இறக்கு" என்று கட்டளையும் இடுகிற துணை நிரல்.

இவற்றில் காட்சியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஃபிளைட்கியர் என்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்; காசு கிடையாது; விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். அது பூமியை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு புகழ்பெற்ற சிமுலேட்டரும் அப்படியே. ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்தான் பெயர். இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். பெரம்பலூர் நகரம் 79ஆவது தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது. அரியலூர் நகரம் அதே ரேகைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. ஆகவே பெரம்பலூர் வடக்கு 11, கிழக்கு 78 என்ற கட்டத்தில் விழுகிறது. அரியலூர் வடக்கு 11, கிழக்கு 79 என்ற கட்டத்தில் விழுகிறது. ஒரு காலத்தில் ஒரே மாவட்டமாக இருந்த இந்த இரண்டு ஊரையும் 2007 நவம்பரில் அரசாணை பிரித்தது. கணினிக்குள் ஒரு தீர்க்கரேகை அதற்கு முன்பே பிரித்து வைத்திருந்தது!

கங்கைகொண்டசோழபுரம் கோயிலை ஃபிளைட்கியரில் வைக்க வேண்டும் என்றால், அரியலூர்க் கட்டத்துக்குரிய ஃபோல்டரில் கோயிலின் மாதிரிக் கோப்பை வைத்து, அங்கே இருக்கும் எழுத்துக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியில் ஐந்து செய்தி: மாதிரியின் பெயர், தீர்க்கரேகை, அட்சரேகை, தரையின் உயரம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான் பட்டறைக்காரர் போடும் யூ-போல்ட்!

இனி வரலாற்றுக்கு வருவோம். கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு என்ன நடந்தது, மூடியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக் என்ற பொறியாளர், வெறும் கோடுகளால் வரைந்த ஒரு நிலத்தின் மேல் பறக்கும் விளையாட்டைச் செய்தார். மைக்ரோசாஃப்ட் அதன் உரிமத்தைப் பெற்று, 1982 நவம்பரில் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற பெயரில் வெளியிட்டது. பதிப்பு மேல் பதிப்பு வந்தது. ஆர்வலர்கள் உள்ளே புகுந்து தங்கள் ஊர் விமான நிலையத்தைச் சேர்த்தார்கள். தங்கள் நாட்டு விமானத்துக்கு வண்ணம் அடித்தார்கள். 2006 அக்டோபரில் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தது. வெளி நிரல்கள் உள்ளே பேசுவதற்கென்றே சிம்கனெக்ட் என்ற வாசலும் அதில் திறந்தது.

பிறகு 2009 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. அந்த விளையாட்டைச் செய்துவந்த ஏசஸ் என்ற அணியை மைக்ரோசாஃப்ட் கலைத்துவிட்டது. சேசிஸ் செய்த தொழிற்சாலையே மூடிவிட்டது! வண்டி நின்றுவிட்டதா? நிற்கவில்லை. பட்டறைகள் திறந்திருந்தன. ஆட்-ஆன் செய்வோர் புது விமானங்களையும் புது நகரங்களையும் செய்துகொண்டே இருந்தார்கள். அதே அடிப்படையில் எழுந்த இன்னொரு சிமுலேட்டரை, பயிற்சிப் பயன்பாட்டுக்காக, லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. பழைய விளையாட்டே 2014 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் மறுபடி விற்பனைக்கு வந்தது. தாய் நிறுவனம் கைவிட்ட பின்னும் ஒரு விளையாட்டு எட்டு ஆண்டு, பத்து ஆண்டு மூச்சு விட்டது என்றால் அந்த மூச்சு எங்கிருந்து வந்தது? வெளியாரிடமிருந்து வந்தது.

இதற்கு நேர் எதிரான கதையையும் கேளுங்கள். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் என்று ஒரு புது விளையாட்டு வந்தது. அழகான விளையாட்டு. ஹவாயின் பெரிய தீவைச் சுற்றிப் பறக்கலாம். தொடங்கக் காசு வேண்டாம். ஆனால் புது விமானம் வேண்டுமா? அவர்களிடமே வாங்க வேண்டும். புது நிலம் வேண்டுமா? அவர்களிடமே வாங்க வேண்டும். வரைபடம் கிடையாது, எஸ்.டி.கே. கிடையாது, வெளியாருக்கு இடம் கிடையாது. பல ஆண்டு ஆட்-ஆன் செய்து பழகிய கூட்டம் வாசலில் நின்று பார்த்தது, திரும்பிப் போனது. அதே ஆண்டு ஜூலையில் அந்த விளையாட்டின் உருவாக்கமே நிறுத்தப்பட்டது. கதவை மூடியது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்வலர்களின் பெரிய மனக்குறை அதுதான்.

எட்டு ஆண்டு கழிந்தது. 2020 ஆகஸ்ட் 18 அன்று, பிரான்சின் ஆசோபோ என்ற நிறுவனத்தின் உழைப்பில், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் மறுபிறவி எடுத்தது. இந்த முறை என்ன செய்தார்கள்? எஸ்.டி.கே.யைக் கொடுத்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே ஒரு கடைவீதியைத் திறந்தார்கள். கணினியில் 'கம்யூனிட்டி' என்ற ஃபோல்டரை வைத்தார்கள். யார் செய்ததானாலும் அந்த ஃபோல்டரில் போட்டால் போதும், ஏறிக்கொள்ளும். 2012இல் மூடிய கதவை 2020இல் அகலத் திறந்தார்கள். அனுபவம் அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது!

திறந்த கதவு வழியாக யார் வந்தார்கள் தெரியுமா? ஃபிளைபைவயர் என்று ஒரு குழு வந்தது. உலகின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள். விளையாட்டோடு வந்த ஏர்பஸ் ஏ320 நியோ விமானத்தைப் பார்த்தார்கள். வெளித்தோற்றம் நன்றாக இருந்தது; உள்ளே பல பொத்தான்கள் வேலை செய்யவில்லை. குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு பொத்தானாக உயிர் கொடுத்தார்கள். மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு ஏ380 என்ற மாபெரும் விமானத்தையும் கட்டினார்கள். வெளியார், வெளியார் என்கிறோமே, அந்த வெளியார் செய்த வேலை இது!

எக்ஸ்-பிளேன் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆஸ்டின் மேயர் என்பவர் தொடங்கிய சிமுலேட்டர் அது. உலகின் ஆயிரக்கணக்கான விமான நிலையங்களை அந்தச் சிறு நிறுவனம் தானே வரைய முடியுமா? ஆகவே 'கேட்வே' என்று ஒரு வழி வைத்தார்கள். ஊரைத் தெரிந்தவர் தன் ஊர் விமான நிலையத்தை இலவசக் கருவியால் வரைந்து அனுப்பலாம். சரிபார்க்கிறார்கள். பிழை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். சரியாக இருந்தால் அடுத்த பதிப்பில் அது விளையாட்டோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போகிறது. நம் திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டது. அதன் உருவம் நமக்குத் தெரியுமா, அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா? நமக்குத்தான் தெரியும். அப்படியானால் வரைய வேண்டியவர் யார்?

இங்கே ஓர் உருக்கமான செய்தி உண்டு. சிகாகோ நகரத்து ஏரிக்கரையில் மெக்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமான நிலையம் இருந்தது. பழைய ஃபிளைட் சிமுலேட்டரைத் திறந்தால் விமானம் அங்கேதான் நிற்கும். உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் அங்கிருந்துதான் பறந்தார்கள். 2003 மார்ச் மாதம் ஒரு நள்ளிரவில், நகர மேயரின் உத்தரவுப்படி, புல்டோசர்கள் வந்து அந்த ஓடுதளத்தைப் பெயர்த்துப் போட்டன. விமான நிலையம் போய்விட்டது. ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் பதிப்பிலிருந்தும் போய்விட்டது. ஆனால் ஆட்-ஆன் செய்வோர் விடவில்லை. மறுபடி கட்டினார்கள். மண்ணில் இல்லாத ஓடுதளத்தில் இன்றும் விமானங்கள் இறங்குகின்றன. 1998இல் மூடப்பட்ட ஹாங்காங்கின் பழைய கய் டக் நிலையமும் அப்படியே உயிரோடு இருக்கிறது. நம் பக்கம் உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் கிடக்கிறது. செட்டிநாட்டில் கிடக்கிறது. கயத்தாற்றில் கிடக்கிறது. அவற்றுக்கு அந்த வாழ்வைக் கொடுக்கப் போவது யார்?

இவ்வளவு நேரம் நன்மையைச் சொன்னேன். எச்சரிக்கையையும் சொல்லாமல் போனால் அது நேர்மையான பேச்சாகாது.

முதல் எச்சரிக்கை பாரம். பத்து டன் தாங்கும் வண்டியில் பதினைந்து டன் ஏற்றினால் என்ன ஆகும்? சிமுலேட்டரிலும் அதுவே ஆகும். கோயிலின் ஒவ்வொரு சிற்பத்தையும் லட்சக்கணக்கான முக்கோணங்களால் செதுக்கி வைத்தால் பழைய கணினி மூச்சு வாங்கும். படம் விட்டுவிட்டு ஓடும். தூரத்திலிருந்து பார்க்கும்போது எளிய உருவம், கிட்டே வரும்போது நுணுக்கமான உருவம் என்று இரண்டு மூன்று அளவில் செய்து வைப்பதுதான் தொழில் தெரிந்தவர் வழி.

இரண்டாவது பொருத்தம். புது மாடல் சேசிஸ் வந்தால் பழைய பாடி அப்படியே உட்காராது. சிமுலேட்டரின் பதிப்பு மாறும்போது பழைய ஆட்-ஆன் வேலை செய்யாமல் போகலாம். ஒரே விளையாட்டிலும் வேறுபாடு உண்டு. கணினியில் கம்யூனிட்டி ஃபோல்டர் இருக்கிறது. அதே மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டியில் ஓடும்போது அந்த ஃபோல்டர் இல்லை. கடைவீதி வழியாக வந்தால்தான் உள்ளே வரலாம். ஆகவே எந்தப் பதிப்பு, எந்த இயந்திரம் என்று கேட்காமல் "ஆட்-ஆன் போடலாமா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான்.

மூன்றாவது நம்பிக்கை. வெளியார் கோப்பு ஒன்றை உங்கள் கணினியில் ஓடவிடுகிறீர்கள் என்றால் வீட்டுச் சாவியை ஒருவர் கையில் கொடுக்கிறீர்கள் என்று பொருள். 2018இல் காசு கொடுத்து வாங்கும் ஒரு விமான ஆட்-ஆனின் நிறுவு கோப்புக்குள், கடவுச்சொற்களை எடுக்கும் ஒரு நிரலை அதன் தயாரிப்பாளரே வைத்திருந்தது வெளிப்பட்டது. திருட்டுப் பிரதி வைத்திருப்போரைப் பிடிக்கத்தான் வைத்தோம் என்றார்கள். ஆர்வலர் உலகம் கொதித்தது. அதை நீக்க வேண்டியதாயிற்று. ஆகவே மாணவர்களே, தெரிந்த இடத்திலிருந்து மட்டும் எடுங்கள். திருட்டுப் பிரதியைத் தொடாதீர்கள்.

நான்காவது உண்மை. இது எல்லாவற்றிலும் பெரிது. 2020இல் புது சிமுலேட்டர் வந்த சில நாளில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துப் புறநகர்ப் பகுதியில், எளிய வீடுகளுக்கு நடுவே, ஒரு ஊசிபோல வானத்தைக் குத்திக்கொண்டு ஒற்றைக் கோபுரம் நின்றது. 212 மாடி! அப்படி ஒரு கட்டடம் அங்கே கிடையாது. எப்படி வந்தது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில், ஒரு மாணவர் கட்டடத்தின் மாடி எண்ணிக்கையில் 2 என்று அடிப்பதற்குப் பதில் 212 என்று அடித்துவிட்டார். வரைபடத்தில் வேறொருவர் பிறகு திருத்திவிட்டார். ஆனால் அதற்குள் அந்தத் தரவு சிமுலேட்டருக்குள் போய்விட்டது. உலகமே பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வியந்தேன். ஒரு மாணவரின் விரல் தவறி விழுந்த ஓர் எண்ணுக்கு இவ்வளவு வலிமை என்றால், நம் பிள்ளைகள் கவனமாக, சரியாகப் பதியும் ஓர் எண்ணுக்கு எவ்வளவு வலிமை இருக்கும்!

அந்த இடத்திலிருந்து நம் ஊருக்கு வருகிறேன்.

திருச்சியில் ஏறி, 110 நாட் வேகத்தில், செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் வடக்கே பறந்தால் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் பெரம்பலூர். இடப்பக்கம் பச்சைமலை. அப்படியே நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரப் போரைக் கண்ட கோட்டை அது. திரும்பித் தென்கிழக்கே வந்தால் அரியலூர். சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் தெரிய வேண்டும். தோண்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஒரு காலத்தில் கடல் புரண்ட நிலம் இது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று லாரியில் போகிறது. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. மேலிருந்து அது கண்ணுக்குப் படாது. ஆனால் அது கிடக்கும் இடத்தைக் காட்டும் ஓர் அடையாளம் வைக்கலாம். அரியலூருக்குத் தெற்கே கரைவெட்டி ஏரி. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இறங்கும் நீர்நிலை. உலகின் எத்தனை விமானிகளுக்கு அந்தப் பறவையின் பயணம் கைகூடும்?

கடைசியாக, அரியலூரிலிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் பறந்தால் கங்கைகொண்டசோழபுரம். ராஜேந்திர சோழன் எடுத்த கோயில். ஏறக்குறைய 55 மீட்டர் உயர விமானம். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தஞ்சை விமானம் நேர்கோட்டில் விறைப்பாக ஏறும். இங்கே கோடு சற்று உள்வாங்கி, வளைந்து, மெல்ல ஏறும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தானாகவே கட்டடம் எழுப்பும் நிரலுக்கு அந்த வளைவு தெரியுமா? தெரியாது. மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு சதுரம். அதன் எதிரே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வளைவு தெரியும்!

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கேட்கலாம்: "விளையாட்டுக்குத்தானே இவ்வளவு பேச்சு? பிள்ளை படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதா?" நியாயமான கவலை. வீட்டில் சிமுலேட்டர் ஓட்டிய மணி நேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேராது. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் மெய்யான வானத்தில் பறக்க வேண்டும். அதை மறைக்க மாட்டேன். விளையாடுவது வேறு, செய்வது வேறு. நான் இன்று பிள்ளைகளை அழைப்பது செய்வதற்கு. ஒரு கோயிலைச் செய்ய வேண்டும் என்றால் என்னென்ன வேண்டும்? பத்தாம் வகுப்பில் உயரங்களும் தொலைவுகளும் என்ற பாடத்தில் படித்த ஏற்றக் கோணம் வேண்டும். அதைக் கொண்டு கோயில் விமானத்தின் உயரத்தைத் தானே அளந்து பார்க்கலாம். அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். பிளெண்டர் என்ற இலவசக் கருவியில் உருவம் வார்க்கும் பொறுமை வேண்டும். பிறர் எடுத்த படத்தைக் கேட்காமல் ஒட்டக் கூடாது, தானே எடுத்த படத்தைத்தான் ஒட்ட வேண்டும் என்ற நேர்மை வேண்டும். செய்த பொருளை உலகத்தின் முன்வைத்து, பிழை சொன்னால் திருத்திக்கொள்ளும் பணிவு வேண்டும். இது படிப்பைக் கெடுக்குமா? இதுதானே படிப்பு!

எங்கிருந்து தொடங்குவது? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தெருவைச் சரியாக வரையுங்கள். சிமுலேட்டர்கள் சாலைக்கும் கட்டடத்துக்கும் அந்த வரைபடத்திலிருந்து தரவு எடுக்கின்றன. பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி செய்யுங்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடம். ஒரு புகைபோக்கி. ஒரு கோட்டை மதில். பெரம்பலூர்க் கட்டத்தை ஒரு குழு எடுத்துக்கொள்ளட்டும். அரியலூர்க் கட்டத்தை ஒரு குழு எடுத்துக்கொள்ளட்டும். 79ஆவது தீர்க்கரேகையில் இரண்டு குழுவும் கைகோத்துக்கொள்ளட்டும். நம் இரண்டு மாவட்டத்திலும் விமான நிலையம் கிடையாது. அதனால் நாம் வானத்துக்கு அந்நியரா? விமானம் நம் தலைக்கு மேலேதான் போகிறது. சன்னல் ஓரத்தில் இருப்பவன் கீழே பார்த்தால் நம் ஊர் அவனுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு நான் அன்று "முடியும்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வரியை எழுதும் முறையைத் தேடிப் படி என்றேன். மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தான். அதே திண்ணை, அதே துணிப்பை. விமானம் திருச்சியில் ஏறியது, கொள்ளிடத்தைத் தாண்டியது, கிழக்கே திரும்பியது. பச்சை நிலம் வந்தது. மீண்டும் பச்சை நிலம் வந்தது. பிறகு அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி எழுந்தது. கிட்டே போகப் போக அது ஒரு கட்டையாக வளர்ந்தது. சிற்பம் இல்லை, கலசம் இல்லை, நந்தி இல்லை. கூம்பாகச் சீவிய ஒரு வெற்றுக் கட்டை. ஆனால் உயரம் 55 மீட்டர். நிற்கும் இடம் சரி. பார்க்கும் திசை கிழக்கு.

"இன்னும் வளைவு வரலைங்க ஐயா" என்றான். "ஞாயித்துக்கிழமை நேர்ல போய் நின்னு பார்த்துட்டு வந்து போடுறேன்."

ஐந்தாறு மைல் தூரத்தில் வாழ்ந்தும், பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு அவன் அந்தக் கோயிலுக்குப் போனதே இல்லையாம். ஒரு விளையாட்டு வெளியாருக்குக் கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகப் போன பிள்ளை வந்து நின்ற இடம் அவனுடைய சொந்த ஊர்க் கோயில் வாசல்.

சேசிஸ் அவர்கள் செய்து கொடுத்துவிட்டார்கள். வரைபடமும் கொடுத்துவிட்டார்கள். பாடி கட்ட வாருங்கள், பிள்ளைகளே!